பெத்ரா மன்சாவுக்குப் போகாத எச்சரிக்கை

பெலோ ஒரிசோன்தே,
அக்டோபர் 9

அன்புத் தம்பி வால்மிருக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. ரொசில்தாவுக்கு வாந்தி நின்றதா? போன தடவை போல ஆகிவிடக் கூடாது என்று மாதாவிடம் தினமும் முறையிடுகிறேன். பிள்ளைத்தாய்ச்சி, அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சுரங்கக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். முதல் வேலையாக எதைக் கையில் கொடுத்தார்கள் தெரியுமா? உங்கள் தலைக்கு மேலே இருக்கிற அணையை! இரும்புத் தாது கழுவிய சேற்றைத் தேக்கி வைத்திருக்கிறார்களே, அதேதான். அணையின் உடம்புக்குள் குழாய்கள் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவை மணிக்கொரு தரம் சொல்லும். அளவு எல்லை தாண்டினால் உடனே எல்லாருக்கும் மின்னஞ்சல் போக வேண்டும். அதை அனுப்பும் நிரலை எழுதுவது நான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. எங்கோ இருக்கிற யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்த நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது; லைப்ரரி என்போம். யாரிடமிருந்து, யாருக்கு, என்ன செய்தி என்று அதனிடம் சொன்னால் போதும். அது இணையத்தில் இருக்கும் ஓர் அஞ்சல் சேவையிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். மிச்சத்தைச் சேவை பார்த்துக்கொள்ளும். பத்து வரிகூட இல்லை. அந்தப் பத்து வரியின் கீழே உன் வீடு இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

நம் ஊரில் யார் யாருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று கேட்டு எழுது. சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், கோயில், பால் சங்கம், எல்லாம் வேண்டும்.

ரொசில்தாவுக்கு என் முத்தம்.

அக்கா,
லெனிர்


பெத்ரா மன்சா,
அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வால்மிர் பால் சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுவது. உனக்குத்தான் தெரியுமே, இந்தப் பள்ளத்தில் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடினாலும் சிக்னல் வராது. நாங்கள் சுகம். ரொசில்தாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது புளிப்புக் கொய்யாவும் உப்பும் கேட்டு என்னை மரத்தில் ஏற்றுகிறாள்.

நீ கேட்ட முகவரிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். வாங்குவதற்குள் ஒரு வழியாகிவிட்டேன். பாதிரியார் எலிசியு என்ன சொன்னார் தெரியுமா? "ஏன்டா, இனிமே உங்கக்கா கம்ப்யூட்டர் சொன்னாத்தான் நாங்க ஓடணுமா? கோயில் மணி எதுக்குத் தொங்குது?" சங்கத்து ஒனோஃப்ரே அதற்கும் மேலே. "முகவரி தர்றேன், ஆனா அணை உடையுதுன்னு மட்டும் அனுப்பச் சொல்லு. மிளகாய்ச் சாந்து விளம்பரம் அனுப்பினா நானே போய் உடைச்சுடுவேன்." சுகாதார நிலையத்து நர்ஸ் ஜோசெலி ஒருத்திதான் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

எனக்கும் சில்லறை வேலை கிடைத்திருக்கிறது. கல் சுமக்கிற வேலை. காப்பி பறிப்பு முடிந்த பிறகு சும்மா இருக்கவேண்டியதில்லை பார். மழை ஆரம்பித்துவிட்டது.

ஒனோஃப்ரே எழுந்திருக்கச் சொல்கிறான்.

உன் தம்பி,
வால்மிர்


பெலோ ஒரிசோன்தே,
நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்னும் சோதனை முறையில்தான் வைத்திருக்கிறோம். அந்த அஞ்சல் சேவையில் அப்படி ஒரு வசதி உண்டு. சோதனைச் சாவி என்று ஒரு கடவுச்சொல்; அதைக் கொடுத்து வைத்தால் லைப்ரரி எப்போதும்போல் அனுப்பும், சேவையும் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பதில் சொல்லும். கடிதம் மட்டும் யாருக்கும் போகாது. எழுதிப் பார்க்கிறவர்கள் தெரியாமல் ஊரைக் கலைத்துவிடக் கூடாதல்லவா? நிஜச் சாவியை எப்போது போடுவது என்று எங்கள் மேலாளர் அமாரில்டோ சொல்வார். ‘அவசரப்படாதீங்க லெனிர்’ என்கிறார்.

அதிருக்கட்டும். நீயும் ரொசில்தாவும் இங்கே வந்து பிரசவம் முடியும்வரை என்னோடு இருந்தால் என்ன? பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், எனக்கும் ஆள் துணை தேவை. இந்த மாதமே வந்தால் நல்லது.

யோசித்து உடனே எழுது.

அக்கா,
லெனிர்


பெத்ரா மன்சா,
நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். ரொசில்தாவுக்குக் கொஞ்சம் உதிரம் பட்டது. பயப்படாதே, நின்றுவிட்டது. நர்ஸ் ஜோசெலி அவளைப் படுக்கவைத்துவிட்டாள். "கட்டிலை விட்டு இறங்கினே, நானே கயித்தால கட்டிடுவேன்" என்று மிரட்டல். நம் ஊர்ச் சாலையில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவதெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடியாது. போன பிள்ளையை இழந்ததும் அந்தச் சாலையில்தானே.

உன் கடிதத்தை அவளுக்குச் சொன்னேன். "என்னங்க உங்கக்காவுக்குத் திடீர்னு இவ்வளவு பாசம்? போன வருஷம் அந்தப் பின்னறையில பூனை வளக்குறேன், இடமில்லைன்னாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. அக்கா, சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

எனக்கு வேலை மும்முரம். பூட்ஸில் ஒட்டுகிற சேற்றைத் தேய்த்துத் தேய்த்து எனக்கே அலுத்துவிட்டது. செங்கல் நிறத்தில் ஒரு சேறு, துணியில் பட்டால் போவதில்லை. எங்கே இந்தச் சேறு என்று ரொசில்தா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆற்றங்கரை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வால்மிர்


பெலோ ஒரிசோன்தே,
டிசம்பர் 3

தம்பிக்கு,

ரொசில்தாவின் செய்தி கேட்டு மனசே சரியில்லை. ஜோசெலி சொல்வதைக் கேட்கச் சொல். ஆம்புலன்ஸ் வைத்து, படுத்தபடியே கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பார். செலவு என்னுடையது.

இரண்டு மூன்று கேள்விகள். ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. அணைப் பக்கம் யாராவது போய் வருகிறார்களா? அடிவாரத்துப் புல் எப்போதும்போல இருக்கிறதா, ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பச்சையாக, செழிப்பாக இருக்கிறதா? ஓடைத் தண்ணீர் கலங்கலாக வருகிறதா?

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி விஷயத்தை வெளியே சொன்னால் வழக்குப் போடுவார்கள். அதனால் இவ்வளவுதான் எழுத முடியும். நீ புத்திசாலி.

இரவில் படுப்பதற்கு முன்னால் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

லெனிர்


பெலோ ஒரிசோன்தே,
டிசம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

பதிலே இல்லை. சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன்; மணியே போகவில்லை. மழையில் கம்பி அறுந்து கிடக்கிறது என்று தொலைபேசி அலுவலகத்தில் சொன்னார்கள். நீங்கள் மூவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது. சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் முதல் வாரத்திலேயே ஒரு குழாயின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது. என் நிரல் தன் வேலையைச் செய்தது. ‘பெத்ரா மன்சா மக்கள் உடனே மேட்டுக்குச் செல்லவும்’ என்று கடிதம் தயாரித்து லைப்ரரியிடம் கொடுத்தது. சேவை ‘ஏற்றுக்கொண்டேன்’ என்றது. அன்றிலிருந்து மணிக்கொரு தரம் அதே கடிதம், அதே பதில். உங்கள் எல்லார் பெயரும் எழுதிய எச்சரிக்கைகள் என் திரையில் வரிவரியாக ஓடுகின்றன. ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. சோதனைச் சாவி.

அமாரில்டோவிடம் ஓடினேன். "அது கருவிக் கோளாறு. மத்த குழாய் எல்லாம் சாதாரணமாத்தானே காட்டுது? ஒத்தைக் குழாய் உளறுதுன்னு கிறிஸ்மஸ் நேரத்துல ஒரு ஊரையே மலை ஏத்துவீங்களா? ஏறும்போது ஒரு கிழவர் விழுந்து செத்தா அது உங்க தலையில" என்றார். கருவியை மாற்ற ஆள் வருகிறது, ஜனவரியில் வரும், அதுவரை சாவியைத் தொடக்கூடாது என்றார்.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் இந்நேரம் தொட்டிருப்பேன். தெரியவில்லை, வால்மிர். கருவிகள் உண்மையிலேயே உளறும். அதுதான் என்னைக் கொல்கிறது. ரொசில்தாவை மழையில் தூக்கிக்கொண்டு மலையேற்றி, பிள்ளைக்கு ஏதாவது ஆகி, பிறகு அது வெறும் கம்பிக் கோளாறு என்று தெரிந்தால்?

இதைப் படித்ததும் ஒரு வரி எழுது. நலம் என்று ஒரு சொல் போதும்.

உன் அக்கா


பெத்ரா மன்சா,
டிசம்பர் 22

அக்கா,

நலம். மின்சாரம் இல்லாததால் சங்கத்தை மூடி வைத்திருந்தார்கள். இன்றுதான் திறந்தார்கள். உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்துப் படித்தேன். ஒனோஃப்ரே பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்து "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

நானும் சொல்லிவிடுகிறேன். நான் கல் சுமப்பது ஆற்றங்கரையில் இல்லை. அக்டோபரிலிருந்து அணையின் அடிவாரத்தில்தான் வேலை. ரொசில்தா பயப்படுவாள், நீ சண்டைக்கு வருவாய் என்று மறைத்தேன். எங்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

புல் பச்சையாக இருக்கிறதா என்று கேட்டாயே. அந்த இடத்தில்தான் நாங்கள் கல் அடுக்குகிறோம். கீழே நின்று பார்த்தால் அணை மலையோடு சேரும் இடது தோள், மூன்றாவது படிக்கு அடியில். முதலில் கைக்குட்டை அகலத்துக்கு ஈரம். இப்போது என் வீட்டுச் சுவர் அகலம். மேஸ்திரி சிரித்துக்கொண்டு "அணைக்கு வேர்க்குதுப்பா, அதுவும் நம்மள மாதிரி உழைக்குதுல்ல" என்பார். நாங்களும் சிரிப்போம். போன வாரம்வரை வேர்வை தெளிவாக இருந்தது. இந்த வாரம் அது செங்கல் நிறம். தண்ணீர் வெளியே வருவது மட்டுமில்லை, உள்ளேயிருந்து மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மேஸ்திரி இப்போது சிரிப்பதில்லை. நேற்று அவர் வேலைக்கு வரவில்லை.

உன் உளறுகிற குழாய் எங்கே இருக்கிறது?

வால்மிர்


பெலோ ஒரிசோன்தே,
டிசம்பர் 23, காலை

வால்மிர்,

இடது தோள். மூன்றாவது படி.

உன் கடிதத்தைப் படித்த கையோடு சாவியை மாற்றிவிட்டேன். ஒரே வரி. அமாரில்டோ எதிர் மேசையில் யாருக்கோ பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அளவு வரும்வரை காத்திருக்கவில்லை, நானே நிரலை ஓட்டினேன். இந்த முறையும் சேவை ‘ஏற்றுக்கொண்டேன்’ என்றுதான் சொன்னது. ஏற்றுக்கொள்வது வேறு, கொண்டுசேர்ப்பது வேறு. பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கியது. பள்ளிக்கூடம், பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பிவிட்டது. நகராட்சியிலிருந்து விடுமுறை என்று தானியங்கிப் பதில். கோயில் முகவரியில் ஓர் எழுத்து தவறு, யாருடைய தவறோ. பால் சங்கம் சேர்ந்தது. சுகாதார நிலையம் சேர்ந்தது. பேரிடர் அலுவலகம் சேர்ந்தது. சேர்ந்ததை யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று லைப்ரரிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்து. முதலில் ரொசில்தாவைத் தூக்கு.

அமாரில்டோ எழுந்து வருகிறார்.

லெனிர்


பெலோ ஒரிசோன்தே,
ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் நலம் என்று பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்கே மாதாவுக்கு நன்றி.

அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வழக்கறிஞர் கடிதமும் வந்துவிட்டது. கிறிஸ்மஸ் முடிந்து நாலாம் நாள் பஸ் பிடித்து வந்தேன். பெத்ரா மன்சாவுக்குத் திரும்பும் வளைவில் மஞ்சள் நாடா கட்டி நிறுத்திவிட்டார்கள். அதற்கப்பால் சாலையில் ஆள் இல்லை, மாடு இல்லை. ஊரே பக்கத்து நகரத்து விளையாட்டு அரங்கில் இருக்கிறது என்று ஒரு காவலர் சொன்னார். அங்கே வந்தேன்.

நான் வந்தது உனக்குத் தெரியும். வாசலில் ஒனோஃப்ரேயின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க மகராசி! அணை எங்கே உடைஞ்சிருக்கு? காட்டுங்க, பாத்துட்டு வர்றோம். எங்க மாடு இருபதும் பால் கறக்க ஆளில்லாம அங்க கத்திக்கிட்டு நிக்குது" என்றாள். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் என் பையைப் பிடுங்கி வீசினான். ஜோசெலிதான் என்னைப் பஸ்வரை கொண்டுவந்து விட்டாள். ரொசில்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ வரவில்லை. அரங்கத்துக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சின்ன வயதிலிருந்து கேட்கிற இருமல் அது.

நான் செய்தது தப்பா என்று கேட்கவில்லை. எனக்கே தெரியாதபோது உன்னைக் கேட்டு என்ன பயன்? தினமும் காலையில் எழுந்ததும் செய்தியைத் திறக்கிறேன். அணை உடைந்ததா என்று பார்க்கிறேன். இல்லை என்றதும் நிம்மதியா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் வருகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பயமாக இருக்கிறது.

லெனிர்


பெலோ ஒரிசோன்தே,
பிப்ரவரி 27

வால்மிர்,

ரொசில்தாவுக்கு நாள் நெருங்கியிருக்கும். பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


இதாபெசேரிகா,
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பெண். மார்ச் முதல் வாரம் பிறந்தாள். தலை நிறைய முடி, நம் அம்மாவின் மூக்கு. இவ்வளவு நாள் எழுதாததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தது நான்தான்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். ஒனோஃப்ரே உன் எச்சரிக்கைக் கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "பேங்க் நம்பர் கேக்குற கூட்டம் இப்ப அணையைப் பிடிச்சுக்கிட்டானுங்க" என்று சொல்லி அழிக்கப் போனான். அதற்குள் ஜோசெலி மருந்துத் தட்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். அவளுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. இரண்டு இடத்தில் ஒரே செய்தி என்றதும் ஒனோஃப்ரேயின் முகம் மாறிவிட்டது. பாதிரியாரிடம் ஆள் போயிற்று. மணி அடிக்க ஆரம்பித்தார். கை ஓயும்வரை அடித்தார். ரொசில்தாவைக் கட்டிலோடு பால் வண்டியில் ஏற்றினோம். கல்லறை மேட்டுக்குப் போகிறவரை அவள் என் சட்டையைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

மேட்டில் மழையில் நின்றோம். அணை அப்படியே நின்றது. கம்பெனி வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. "கம்ப்யூட்டர் தப்பு, பயப்படாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். பாதிப் பேர் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா, நான் வாயைத் திறந்தால் வேலை போகும், வழக்கு வரும். திறக்காவிட்டால் அவர்கள் கீழே போவார்கள். பால் வண்டியின் மேல் ஏறி, ஈரத்தையும் செங்கல் நிறத் தண்ணீரையும் பற்றிச் சொன்னேன். "அவனுக்குப் பைத்தியம்" என்று என்னோடு வேலை செய்த ஒருவனே கத்தினான். ஆனால் இன்னொருவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு "அவன் சொல்றது நிஜம். நானும் பாத்தேன்" என்றான். இறங்கியவர்கள் நின்றுவிட்டார்கள். மறுநாள் அரசாங்கப் பொறியாளர்கள் வந்து அந்த இடத்தைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று கேட்டதற்கு, அணையைப் பிரித்து எடுத்த பிறகு என்றார்கள். அதற்குப் பல வருஷம் ஆகுமாம். அதுவரை அது நிற்குமா என்று கேட்டோம். கருவிகளை மடக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

பிறகு வந்த நாட்கள்தான் என்னை மாற்றிவிட்டன. அரங்கத்தில் இரவும் பகலும் ஒரே பேச்சு. "உங்கக்கா ஒரு பட்டனை அமுக்கினா, எங்க ஊர் போச்சு. அணை பாரு, கல்லு மாதிரி நிக்குது!" முதலில் சண்டை போட்டேன். பிறகு சும்மா இருந்தேன். பிறகு, உன்னிடம் மறைக்க மாட்டேன், நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன். நாம் இருவரும் பயந்து, ஒருவர் பயத்தை ஒருவர் ஊதிப் பெரிதாக்கிவிட்டோமோ என்று. நீ வாசலில் நின்றபோது உன்மேல் எனக்கு வெறுப்பாகவே இருந்தது.

இப்போது இங்கே வாடகைக்கு மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மேலேயும் வீடு, கீழேயும் வீடு. மழை பெய்தால் ரொசில்தா பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுகிறாள்.

போன வாரம் நான் பெத்ரா மன்சாவுக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல், நாடாவைச் சுற்றிக் காப்பித் தோட்டம் வழியாக. நம் நாய் பிங்காடுவை அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அது உயிரோடு இருந்தால் கூட்டிவரலாம் என்று. இருந்தது. எலும்பும் தோலுமாகக் கல்லறை மேட்டில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் அதைக் கூட்டிக்கொண்டு நேரே திரும்பியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. வீட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பட்டப் பகல். அடுப்பில் அன்றைக்கு வைத்த பீன்ஸ் சட்டி அப்படியே கறுத்துக் கிடந்தது. வாசலில் நின்று அணையைப் பார்த்தேன். இடது தோளில் நாங்கள் அடுக்கிய கற்களைக் காணவில்லை. எங்கே போயின என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சத்தம். இடி இல்லை. யாரோ தொண்டையைச் செருமுவதுபோல, மண்ணுக்கு அடியிலிருந்து. காலுக்கடியில் தரை ஒரு நொடி தளர்ந்து, இறுகியது.

நான் ஓடினேன் அக்கா. சட்டியை விட்டு, கதவை விட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். மேட்டில் ஏறி விழுந்து திரும்பிப் பார்த்தால் அணை நிற்கிறது. இதை எழுதுகிற இன்றைக்கும் நிற்கிறது. நாளைக்கும் நிற்கலாம். நீ செய்தது சரி என்று அது இடிந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். இனிக் காத்திருக்கப் போவதில்லை. என் கால்களுக்குத் தெரிந்தது எனக்குப் போதும்.

வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு ஞானஸ்நானம். ஊரார் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஞானத்தாயாக நீதான் நிற்க வேண்டும் என்று ரொசில்தா பிடிவாதமாக இருக்கிறாள். "அண்ணியை வரச் சொல்லுங்க. மூஞ்சியைத் திருப்புறவங்க திருப்பட்டும். பிள்ளையைக் கையில வச்சிருக்கிறவ மேல எவன் கை வைப்பான்னு நான் பாக்குறேன்" என்கிறாள். ஒனோஃப்ரேயின் மனைவியும் வருவாள். பேசமாட்டாள். முதல் வரிசையில் ஜோசெலி உனக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன். இந்த முறை எந்தக் கதவுக்கும் பின்னால் நிற்கமாட்டேன்.

உன் தம்பி,
வால்மிர்